சாவி போட்டதும் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு

கன்னியாகுமரியில் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கடலுக்கு மேலே கண்ணாடிப் பாலம் திறந்தார்கள் அல்லவா, அதற்கு அடுத்து வந்த ஆனி மாதம். எனக்கு எழுத்துத் தெரியாது. வருஷத்தை எண்ணாகச் சொல்லவும் வராது. இப்படி எதோடாவது சேர்த்துக் கட்டி வைத்தால்தான் மனசில் நிற்கும். பாலம் பார்க்க வந்த வெளியூர் வண்டிகள் எங்கள் மயிலாடி ரோடு வரைக்கும் நெருக்கிக்கொண்டு நின்ற வருஷம். என் மூத்த மகள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கிடந்த வருஷம். இந்த ஆனியில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும், போன் அடித்தது.

"மாமா, நான் ஜாஸ்மின் பேசுகேன். அப்பா போயிட்டாங்க."

கோட்டாறு ஞானசிகாமணி மேஸ்திரி அவர்கள் காலமான செய்தி எனக்கு அவருடைய மகள் வாயால் இப்படித்தான் வந்தது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது பயம். அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த காரியம் ஒன்று இருந்தது. அந்தப் போனோடு அது எனக்கு மட்டும் தெரிந்த காரியம் ஆகிவிட்டது. அந்தக் காரியத்தால் எட்டு வருஷமாக அவருடைய பெயர் கெட்டுக் கிடந்தது. நான் வாய் திறக்காமல் செத்தால் அது கெட்டதாகவே இருக்கும்.

முப்பதாம் நாள் நினைவு ஆராதனைக்குப் புத்தகம் அச்சடிக்கிறோம், அப்பாவைப் பற்றி நீங்களும் சொல்லவேண்டும் மாமா, நான் எழுதிக்கொள்கிறேன் என்று ஜாஸ்மின் கேட்டது. நான் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளைதான் எழுதுகிறது. நான் சொன்ன எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேஸ்திரிக்கு வண்டிகளின் கரண்ட் வேலை. கோட்டாற்றில் அரிசிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரம் போட்ட ஒற்றை அறைதான் கடை. கார், ஜீப், வேன் எதுவானாலும் பேட்டரி, டைனமோ, ஒயரிங் பார்ப்பார். டைனமோ என்பது பழைய டிரைவர்கள் நாங்கள் சொல்லும் பேச்சு. இப்போது உள்ளவர்கள் ஆல்டர்னேட்டர் என்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது பெல்ட் அதைச் சுற்றும், அது கரண்ட் உண்டாக்கிப் பேட்டரியை நிறைக்கும். அது நிறைக்கவில்லை என்றால் ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள பலகையில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்குத்தான் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது.

நான் அப்போது மயிலாடியில் ஒரு சிற்பக் கூடத்தில் டிரைவர். கல்லில் சாமி சிலை செதுக்கும் கூடம். சிலையை வைக்கோலில் பொதிந்து ஏற்றிக்கொண்டு போவேன். ஒரு நாள் சிவப்பு எரிந்தபடி அணையாமல் நிற்க, யாரோ கைகாட்டிவிட, மேஸ்திரியின் கடைக்குப் போனேன். மனுஷன் வண்டிக்குக் கிட்டே வரவில்லை. நாலடி தள்ளி நின்றார். கையில் கிடந்த வாட்சைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார், சட்டைப் பையில் இருந்த பேனாவைக்கூட எடுத்து வைத்தார்.

"ஓய், சாவியப் போடும். ஸ்டார்ட் பண்ணாதேயும். சாவிய மட்டும் போடும். சிவப்பு எரியுதா?"

"எரியுது."

"செரி. இப்பம் ஸ்டார்ட் பண்ணும். அணைஞ்சுதா?"

"அணையல மேஸ்திரி. அதுக்குத்தானே வந்தேன்."

"வந்தது தெரியும். கேட்டு வைக்கணும்லா."

இன்ஜினை நிறுத்தச் சொன்னார். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். பேட்டரித் தலையில் பச்சை பூத்திருந்ததை வெந்நீர் விட்டுக் கழுவினார். கறுப்பு ஒயரை முதலில் கழற்றினார், பிறகுதான் சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். ஒவ்வொன்றுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன மேஸ்திரி, உள்ள பாம்பு கெடக்கா?"

"சிரியும், சிரியும். நான் சவுதில ஒர்க்ஷாப்புல நிக்கும்பம் எனக்குப் பக்கத்துல நின்ன மலையாளிப் பையன், நல்லா சிரிக்கிறவன். ஸ்பானர் வழுக்கி ஒரு பொறி. பேட்டரி வெடிச்சு ஆசிட் முகத்துல. ஒரு கண்ணு போச்சு. அன்னைலேருந்து எனக்குப் பயம். மறைக்க மாட்டேன்."

அவர் மறைக்கவே இல்லை. பேட்டரிக்குப் பயம், கரண்டுக்குப் பயம், நாய்க்குப் பயம், தண்ணீருக்குப் பயம். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் பிறந்தும் போட்டில் ஏறிப் பாறைக்குப் போகாத மனுஷன் அவர் ஒருவராகத்தான் இருப்பார். டிரைவர்கள் எல்லாரும் அவரைப் பயந்தாங்கொள்ளி மேஸ்திரி என்று முகத்துக்கு நேரேதான் கூப்பிட்டோம். "சொல்லும், கேக்கட்டும்" என்பார். அவர் வேலை பார்த்த வண்டி எதுவும் வழியில் நின்றதில்லை. பயந்து பயந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்ப்பார்.

மீட்டரில் ஓடும் எண்ணை எனக்கு வாசிக்க வராது என்று தெரிந்ததும் அவர் கேலி பண்ணவில்லை. வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தி முன்விளக்கைப் போடச் சொன்னார். "இப்பம் ஆக்சிலேட்டரை அமுக்கும். சுவத்துல வெளிச்சம் கூடுதா? கூடினா சார்ஜ் ஏறுகுன்னு அர்த்தம். கூடலன்னா என்ட்ட வாரும்." அதன் பிறகு எந்த வண்டியை எடுத்தாலும் நான் அப்படித்தான் பார்த்தேன்.

கூடவே ஒன்றைப் பல தடவை சொல்லியிருந்தார். சாவி போட்டதும் அந்தச் சிவப்பு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியாவிட்டாலும் கோளாறு. எரியாமல் இருப்பதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஒக்கிப் புயல் அடித்த வருஷம். கார்த்திகை மாதம். சிற்பக் கூடத்து முதலாளி பழைய டீசல் ஜீப் ஒன்று வாங்கியிருந்தார். அதில் சிவப்பு விளக்கு மங்கலாக மினுங்கிக்கொண்டே இருந்தது. மேஸ்திரியிடம் கொண்டு போனேன். டைனமோவை இறக்கி, உள்ளே தேய்ந்து போயிருந்த கார்பனை மாற்றிக் கட்டிக் கொடுத்தார். சாவி போட்டால் எரிந்தது, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. சுவரில் வெளிச்சம் கூடியது. வேலை சுத்தம்.

முதலாளி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் சாவியைப் போட்டேன்.

"ஏலே பொன்னையா, இன்னும் எரியுதே."

"சாவி போட்டா எரியணும் முதலாளி. மேஸ்திரி அப்படித்தான் சொன்னாரு."

"அவன் சொல்லுவான், பயந்தாங்கொள்ளிப் பய. ரிப்பேர் பாத்த வண்டில செவப்பு என்னத்துக்குல எரியணும்? நாளைக்கும் எரிஞ்சுதுன்னா நீ சாவியத் தந்துட்டு வீட்டுல போயி இரி."

எனக்கு அப்போது அறுபத்தேழு வயசு. எழுதப் படிக்கத் தெரியாத கிழவனுக்கு வேறு எவன் வண்டியைத் தருவான்? அன்றைக்குச் சாயங்காலம் ஜீப்புக்கு உள்ளே மல்லாந்து படுத்து, பலகைக்குப் பின்னால் கையை விட்டு, அந்தச் சிவப்பு விளக்கின் பல்பைத் திருகிக் கழற்றினேன். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சுவரில் வெளிச்சம் கூடுகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. பல்பைக் கழற்றினால் அதெல்லாம் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விளக்கு சொல்ல மட்டும்தான் செய்யும் என்று நினைத்தேன்.

மறுநாள் முதலாளி ஏறினார். சாவி போட்டேன். எரியவில்லை. "இப்பம்தான் வண்டி வண்டியா இருக்கு" என்றார். அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமையும் ஓடினேன். வியாழக்கிழமை காலையில் புயல் வந்துவிட்டது.

இங்கே இருந்தவர்களுக்கு அந்தக் காலையைச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. காற்று சத்தம் போடவில்லை, அலறியது. வாழைத் தோப்பு மொத்தமும் ஒரே பக்கமாகப் படுத்தது. கூடத்தின் தகரம் பறந்து போய்க் குளத்தில் விழுந்தது. கூடத்தில் சிலைக்குப் பாலிஷ் போடும் அந்தோணிமுத்து, மிச்சத் தகரத்துக்குக் கயிறு கட்ட ஏறினவர், இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கூடத்துக்குப் பின்னால் உள்ள அறையில்தான் மனைவியோடு குடியிருந்தார். அந்த அம்மா மழையில் ஓடி வந்து என்னைப் பிடித்தார்.

"அண்ணே, இவருக்கு நெஞ்சு அடைக்குன்னு சொல்லுகாரு. கை மரத்துப் போச்சாம்."

முதலாளி ஜீப்பை எடு என்றார். பின் சீட்டில் அந்தோணிமுத்துவைச் சாய்த்து, அந்த அம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் கிளப்பினேன். பகல்தான், ஆனாலும் இருட்டிக் கிடந்தது. முன்விளக்கு, வைப்பர், விடாமல் ஹாரன், எல்லாம் போட்டுத்தான் ஓட்டினேன். ஆள் நடக்கிற வேகம்தான் போக முடிந்தது. என் கண் நடுநடுவே பலகைக்குப் போகும். சிவப்பு இருந்த இடம் கறுப்பாக இருந்தது. எனக்கு அது அப்போது நிம்மதியாக இருந்தது.

சுசீந்திரம் தாண்டினோம். வைப்பர் மெதுவானது. மழை கூடியதால் இருக்கும் என்று நினைத்தேன். விளக்கு மஞ்சளித்தது. மழைதான் மறைக்கிறது என்று நினைத்தேன். குளத்தங்கரைத் திருப்பத்தில் ஒரு புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இன்ஜினை நிறுத்தினேன். மரத்தை இழுத்துப் போட்டதும் சாவியைத் திருப்பினேன்.

டிக் என்றது. அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினேன். டிக்.

தள்ளிப் பார்த்தார்கள். அந்த வண்டியில் இன்ஜினுக்கு டீசலைத் திறந்து விடுவதற்கே கொஞ்சம் கரண்ட் வேண்டும். பேட்டரியில் அதுவும் இல்லை. முழங்கால் தண்ணீரில் மூன்று தடவை தள்ளிவிட்டுக் கை விட்டார்கள். வேறு வண்டி ஒன்றும் வரவில்லை. ஆம்புலன்சுக்கு லைன் போகவில்லை. அந்தோணிமுத்து பின்னால் இருந்து, "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு" என்றார். அந்த அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, "இந்தா இப்பம் போயிருவோம்" என்று சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மேஸ்திரிக்கு அடித்தேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ கிடைத்தது.

"எங்க நிக்கீரு?"

"சுசீந்திரம் தாண்டி, கொளத்துக்குப் பக்கத்துல. டிக்குன்னு மட்டும் கேக்கு."

"உள்ள ஆளு யாரு?"

"பாலிஷ் போடுற அந்தோணிமுத்து. நெஞ்சுவலி."

கொஞ்ச நேரம் காற்றுதான் கேட்டது. பிறகு, "எனக்குப் பயமா இருக்கு வேய்" என்றார். லைன் அறுந்துவிட்டது.

வரமாட்டார் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். அந்த மனுஷன் சாதாரண மழைக்கே கடையைச் சாத்துகிறவர். ஒரு மணி நேரம் போயிருக்கும். வயல் வரப்பில் யாரோ குனிந்து குனிந்து வருவது தெரிந்தது. தோளில் சாக்குப் பொதி. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏறி வந்தார். மேஸ்திரிதான். சாக்குக்குள் பேட்டரி. ரோட்டில் மரமும் அறுந்த கரண்டு லைனும் கிடந்ததால் சைக்கிள் வராது என்று, அத்தனை பாரத்தையும் தோளில் வைத்து வயல் வழியாக நடந்திருக்கிறார். ஆசிட் கசிந்து சட்டையின் தோள்பக்கம் கரைந்து போயிருந்தது.

ஜாஸ்மின் இங்கே பேனாவை வைத்துவிட்டது. "அப்பாக்க தோள்ல கெடந்த அந்தத் தழும்பு இதுதானா மாமா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். அடுப்படிக்குப் போய்விட்டு வந்து, "சொல்லுங்க" என்றது.

நான் அவசரப்படுத்தினேன். "சீக்கிரம் மேஸ்திரி, சீக்கிரம்." அவர் அப்போதும் கறுப்பைத்தான் முதலில் கழற்றினார். "அவசரத்துலதான் வேய் பொறி வரும்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு புதுப் பேட்டரியை மாட்டினார். பிறகு வழக்கம்போலக் கேட்டார்.

"சாவிய மட்டும் போடும். சிவப்பு எரியுதா?"

நான் சாவியைப் போட்டேன். அவர் வந்து பலகையைக் குனிந்து பார்த்தார். கறுப்பு. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சொல்ல எனக்குத் தெரியாது. பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். நான் சட்டைப் பையில் இருந்து பல்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதை அவர் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓட்டும்."

மேஸ்திரியும் முன் சீட்டில் ஏறிக்கொள்ள, மரம் விழாத வேறு ரோடு வழியாகச் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்ட்ரெச்சரில் எடுத்துக்கொண்டு போனார்கள். அரை மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். நல்ல மனுஷன். மெதுவாகத்தான் சொன்னார். இன்னும் கொஞ்சம் முன்னாலே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று சொன்னார். அந்த அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

காற்று கொஞ்சம் அடங்கிய பிறகு, மத்தியானத்துக்கு மேல், நான் ஜீப்பை எடுக்காமல் நடந்தேன். எப்படி நடந்தேன் என்று தெரியாது, காலையில் வண்டி நின்ற அதே குளத்தங்கரையில் வந்து நின்றேன். தண்ணீர் மடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஆள் வரும் சத்தம் கேட்டது. மேஸ்திரி. ஆஸ்பத்திரியில் இருந்தே எனக்குப் பின்னால் வந்திருக்கிறார்.

"அந்தப் பல்பு எதுக்கு இருக்குன்னு நீரு நெனச்சீரு?"

"சொல்லுறதுக்கு."

"சொல்லுறதுக்கு மட்டும் இல்ல. டைனமோ தூங்கிக் கெடக்கும் வேய். பல்பு வழியாப் போற சின்னக் கரண்டுதான் அதத் தட்டி எழுப்புகது. பல்பக் கழத்தினா அது எழும்பாது. வெரசா ஓட்டினா சில நேரம் தானே எழும்பிக்கும். ரெண்டு நாளு அப்படி ஓடியிருக்கும். இன்னைக்கு நீரு மெதுவா வந்தீரு."

"அப்பம் நானா கொன்னேன்?"

"தெரியாது. நேரத்தோட போயிருந்தா என்னவாயிருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் சொல்ல மாட்டேன்." என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "கொளத்தப் பாக்காதேயும். என்னப் பாரும். வீட்டுக்கு வாரும்."

மறுநாள் மேஸ்திரியின் கடைக்கு முன்னால் முதலாளி ஆட்களோடு வந்து நின்றார். அந்தோணிமுத்துவின் மனைவியும் இருந்தார். ஜீப் ஏன் நின்றது என்று முதலாளி என்னைக் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்னால் மேஸ்திரி சட்டைப் பையில் இருந்து பல்பை எடுத்துக் காட்டினார்.

"நான்தான் முதலாளி. டைனமோவக் கட்டிட்டு இத மாட்ட மறந்துட்டேன். என் பைலயே கெடந்துருக்கு. இது இல்லன்னா சார்ஜ் ஏறாது."

முதலாளிக்குத் தெரியும். வேலை முடிந்து வந்த அன்று அந்த விளக்கு எரிந்ததை அவர் கண்ணால் பார்த்தார். ஆனால் அதை அணைக்கச் சொன்னதும் அவர்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த அம்மா மேஸ்திரியைப் பார்த்தார். திட்டவில்லை. "எனக்க மாப்பிள தகரத்துல ஏறும்பம்கூடப் பயப்படல. வண்டி நின்னப்பம்தான் பயந்தாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்கள் போன பிறகு நான் மேஸ்திரியின் கையைப் பிடித்தேன். ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன்.

"எனக்குப் பயம் வேய். எனக்கு எல்லாத்துக்கும் பயம் இருக்குலா? நேத்தைக்கு நீரு அந்தத் தண்ணியப் பாத்துட்டு நின்னீரே, அதுக்கும் பயம். ஒம்மாலதான்னு இன்னைக்கு ஊரு சொன்னா நீரு திரும்பவும் அங்க போயி நிப்பீரு. எனக்குப் பேருதானே போகும். போகட்டும்."

பேர் போனது. மறதிக்கார மேஸ்திரி, அவன் கை பட்ட வண்டியில் ஏறினால் சாவுதான் என்று பேசினார்கள். டாக்சிக்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். கடைசியில் அந்தச் சந்துக்கு ஆட்டோக்கள் மட்டும் வந்தன, அதுவும் ஹாரன் கத்தவில்லை என்று. ஜாஸ்மின் வேலைக்குப் போனதால் வீடு நின்றது. அந்தோணிமுத்துவின் மனைவி கடற்கரைக்குத் திரும்பி, மீன் கூடை எடுத்துக்கொண்டு கோட்டாற்றுக்கு வருவார். மேஸ்திரியின் கடை இருக்கும் சந்தில் நுழையாமல் சுற்றிக்கொண்டு போவார்.

"சுத்திப் போறா வேய்" என்பார் மேஸ்திரி. வேறொன்றும் சொல்ல மாட்டார்.

அந்த அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனை தடவையோ கிளம்பினேன். பஸ்ஸில் ஏறி மணவாளக்குறிச்சி வரைக்கும் போயிருக்கிறேன். இறங்கி, எதிர் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பியிருக்கிறேன். ஒரு தடவை அவர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே அந்த அம்மா மீன் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்ற பெயரை ஊர் தவறான ஆளுக்கு வைத்திருந்தது.

முதலாளி கொரோனா இரண்டாவது தடவை வந்த சமயத்தில் போய்ச் சேர்ந்தார். மேஸ்திரிக்குச் சென்ற மாசியில் சிறுநீரகம் கெட்டது. பார்க்கப் போனேன். கட்டிலில் எலும்பாகக் கிடந்தார்.

"பயமா இருக்கா மேஸ்திரி?"

"சாவுக்குப் பயம் இல்ல வேய்." கண்ணை மூடித் திறந்தார். "இல்ல, அதுக்கும் பயந்தான். பொய் சொல்லக் கூடாது." பிறகு மெதுவாகக் கேட்டார். "அவ என்னைக்காவது என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா? மனசு ஆறினாளா?"

எனக்காகப் பொய்யைத் தன் தலையில் ஏற்றிக்கொண்ட மனுஷன், அந்தப் பொய்யையே நினைத்துப் பயந்துகொண்டு கிடந்தார். "நான் போய்ச் சொல்லுகேன் மேஸ்திரி" என்றேன். "அவசரப்படாதேயும்" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அடக்கத்துக்குக் கூட்டம் அதிகம் இல்லை. பழைய டிரைவர்கள் மூன்று நாலு பேர், தெருவில் உள்ளவர்கள், சபையார். பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்தார். பெட்டியை மூடப் போகும் நேரம், வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மா உள்ளே வந்தார். எல்லாரும் விலகினார்கள். கால் மாட்டில் நின்றார். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு மேஸ்திரியின் காலைத் தொட்டார்.

"நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல மேஸ்திரி. மறதி எல்லாருக்கும் உள்ளதுதான். நிம்மதியாப் போங்க."

நான் இரண்டு அடி தள்ளித்தான் நின்றேன். அந்த மன்னிப்பு எனக்கு உரியது. என் கண் முன்னால் அதை வேறொருவருக்குக் கொடுத்தார். பெட்டியை மூடினார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டார்கள். நானும் ஒரு பிடி போட்டேன்.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஜாஸ்மினிடம் கேட்டேன், இதை அச்சடிக்கலாமா பிள்ளே என்று. அது எழுதின தாளையெல்லாம் அடுக்கி வைத்தது. என்னைத் திட்டும் என்று பயந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. "அப்பா உங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு நான்தான் சோறு போட்டேன் மாமா. நீங்க திங்கல" என்றது. பிறகு, "அச்சடிக்கலாம். ஆராதனையில வாசிக்கவும் செய்யலாம். நான் வாசிக்கமாட்டேன். பாஸ்டர் வாசிக்கட்டும். நீங்க பக்கத்துல நிக்கணும்" என்றது.

நிற்கிறேன். இதை வாசிக்கும்போது என்னைக் கோயிலுக்கு உள்ளே பார்க்கலாம். எழுபத்தைந்து வயசில் கால் ஆடும். அது வயசால் இல்லை.

மேஸ்திரி, நீர் கட்டிய டைனமோ சுத்தமாக ஓடியது. உம்முடைய வேலையில் ஒரு குறையும் இல்லை. பல்பைக் கழற்றியது பொன்னையன். இனி யாரும் உம்மை மறதிக்காரர் என்று சொல்லக் கூடாது. போய் வாரும்.

அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போன ஜீப்பில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அந்தோணிமுத்து அன்றைக்கே போனார். மேஸ்திரி இந்த ஆனியில் போனார். நான் பாதி போனவன். இதை யார் கேட்க வேண்டுமோ, கேட்டுவிட்டு என்னை என்ன செய்யவேண்டும் என்று யார் சொல்ல வேண்டுமோ, அந்த அம்மா ஒருவர் இருக்கிறார். நினைவு ஆராதனைக்கு வருகிறேன் என்று ஜாஸ்மினிடம் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் லூர்து மேரி.